யோசனை நாற்காலி

ஜன்னல் பக்கம் நீங்களே உக்காந்துக்குங்க அக்கா. வளைவுல பாப்பாவுக்கு வாந்தி வந்தா வசதியா இருக்கும். எனக்கு இந்த ரோடு பழக்கம்தான். ரெண்டு வருஷமா இதே பஸ்லதான் கோத்தகிரிக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் ஏறி இறங்கறேன். இந்தாங்க எலுமிச்சம்பழம். மோந்துக்கிட்டே வரச் சொல்லுங்க.

பாப்பா என்ன படிக்கறா? ரெண்டாவதா? இங்கிலீஷ் மீடியமா? நல்லதுங்க. வாட் இஸ் யுவர் நேம் கண்ணு? சொல்ல மாட்டாளா? சரி விடுங்க, வெக்கம். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்பக்கூடப் புது ஆளுங்ககிட்ட நாலு வார்த்தை பேசணும்னா எனக்கு நாக்கு மேல போய் ஒட்டிக்கும். ஆனா நீங்க ஏறினதுல இருந்து என்னையே பாத்துக்கிட்டிருக்கீங்க. தெரிஞ்சுதான் பாக்கறீங்க. தெரியாத மாதிரி நானும் எவ்வளவு தூரம் வர்றது?

ஆமாங்க அக்கா. பேப்பர்ல வந்துச்சே, அந்த ஸ்கூல்ல இருந்த டீச்சர் நான்தான். சுகந்தி மிஸ்.

ஸ்போர்ட்ஸ் ரூமுக்குள்ள கரிச்சட்டியை வெச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திக்கிட்டாங்களே ரெண்டு புள்ளைங்க, பெனிட்டாவும் மோனிஷாவும், அவங்க என் கேம்ப் புள்ளைங்கதான். ஆனா அந்த ரூம்ல நெருப்பு இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்? நீங்களே சொல்லுங்க. நான் கிளாஸ்ல இருந்தேன். கேமரா ஓடிக்கிட்டிருந்தது. எனக்கு எப்படித் தெரியும்?

முதல்ல இருந்து சொல்றேன். பேப்பர்காரங்க பாதியைத்தான் எழுதினாங்க.

அரையாண்டு லீவு விட்டா ஹாஸ்டல் காலியாயிடும். போன டிசம்பர்ல கரஸ்பாண்டென்ட் சார் கூப்பிட்டு, “சுகந்தி மிஸ், நாலாவது அஞ்சாவதுல இங்கிலீஷ் தேறாத புள்ளைங்களை லீவுல நிறுத்தி வெச்சு விண்டர் கேம்ப் நடத்தப் போறோம். நீங்கதான் இன்சார்ஜ்”ன்னு சொன்னார். எனக்குக் கை காலே ஓடலை. சீனியர் டீச்சருங்க அத்தனை பேர் இருக்கும்போது என்னைக் கூப்பிட்டார். அவங்க எல்லாரும் லீவுக்கு ஊருக்குப் போறதா இருந்தாங்க, அது வேற விஷயம்.

புள்ளைங்களோட அப்பா அம்மா எல்லாம் எஸ்டேட்ல கொழுந்து பறிக்கறவங்க, திருப்பூர்ல பனியன் கம்பெனியில நிக்கறவங்க. அவங்களுக்கு ஏது லீவு? “எங்க புள்ளை இங்கிலீஷ் பேசினாப் போதும் மிஸ்”ன்னு என் கையைப் பிடிச்சுச் சொல்லிட்டுத்தான் விட்டுட்டுப் போனாங்க. அதையெல்லாம் இப்ப யாரும் சொல்றதில்லை.

நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் தெரியுமா? வெளிநாட்டுல, இங்கிலீஷைப் புதுசாக் கத்துக்க வர்ற புள்ளைங்களுக்கு அங்க இருக்கற டீச்சருங்க குளிர்கால லீவுக்கு என்னென்ன செய்ய வெக்கறாங்கன்னு நெட்ல பாத்துப் பாத்து எடுத்தேன். வெள்ளைத் தாளை மடிச்சுக் கத்தரிச்சுப் பனிப்பூ. சார்ட்ல ஒரு மரம், அதுல தொங்கற ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஒரு வார்த்தை. கண்ணைக் கட்டிக்கிட்டு ஸ்வெட்டர், மஃப்ளர், கிளவுஸ்னு தொட்டுப் பாத்துப் பேர் சொல்ற விளையாட்டு. கடைசியா ஒரு நாடகம். வெளிநாட்டு வீடுகள்ல சுவத்துக்குள்ளயே கணப்பு வெச்சிருப்பாங்களே, ஃபயர்பிளேஸ், அது முன்னாடி ஒரு குடும்பம் உக்காந்து குளிர் காஞ்சுக்கிட்டே இங்கிலீஷ்ல பேசறது. கணப்பையும் நானே செஞ்சேன். அட்டைப்பெட்டியில செங்கல் வரைஞ்சு, உள்ள சிவப்பு செலஃபன் தாளும் ஒரு பல்பும் வெச்சேன். சுவிட்ச் போட்டா நிஜ நெருப்பு மாதிரியே இருக்கும். இதோ காலடியில இருக்கே பெரிய பை, அதுல அதுதான் மடிச்சு வெச்சிருக்கேன். இன்னைக்கு ஒரு ஸ்கூல்ல டெமோ கிளாஸ் எடுக்கப் போறேன். காட்டலாம்னு.

வெளிய கிரவுண்டுல நிஜமாவே உறைபனி படிஞ்சிருக்கும் அக்கா. காலையில புல்லு மேல உப்பைத் தூவின மாதிரி. அதை வீடியோ எடுக்கலாமான்னு சாரைக் கேட்டேன். “அது வெயில் வந்தாப் போயிடும் மிஸ். பஞ்சுதான் கேமராவுக்கு நல்லா எடுக்கும்”ன்னார். அதுவும் சரிதான். அதனால புள்ளைங்களை குரூப்பாப் பிரிச்சு, சுவத்துல குரூப்புக்கு ஒண்ணா பஞ்சுல பனிமனுசன் செஞ்சு ஒட்டினோம்.

அந்தப் பஞ்சு மனுசன்தான் எங்க மார்க். கேம்ப் முடியற வரைக்கும் தமிழ் கூடாது. கிளாஸ்ல மட்டும் இல்லை, சாப்பிடற இடம், குளிக்கற இடம், எங்கயும் கூடாது. ஒரு புள்ளை தமிழ்ல ஒரு வார்த்தை பேசினா அந்த குரூப்போட பஞ்சு மனுசன்ல இருந்து கொஞ்சம் பஞ்சு பிச்சிடுவோம். கடைசி நாள் யாரோட மனுசன் குண்டா இருக்கானோ அந்த குரூப் ஒரு நாள் முன்னாடியே வீட்டுக்குப் போகலாம். இந்தப் பரிசு சாரோட யோசனை. நான் கலர் பென்சில் குடுக்கலாம்னு சொன்னேன். அவர் சிரிச்சுட்டு, “ஹாஸ்டல் புள்ளைங்களுக்கு எது வேணும்னு உங்களுக்கு இன்னும் தெரியலை மிஸ்”ன்னார். தெரிஞ்சவர்தான் அவர். மறுநாள்ல இருந்து ஹாஸ்டல் அப்படி ஒரு அமைதி. தமிழ் இல்லை. என்ன, இங்கிலீஷும் அவ்வளவா இல்லை. சும்மா கையால காட்டிக்குவாங்க. போகப் போக வந்துடும்னு இருந்தேன்.

இந்த வளைவுதான் மோசம். பாப்பாவைப் பிடிச்சுக்குங்க.

அப்புறம் அந்த நாற்காலி. யோசனை நாற்காலி. பேப்பர்ல அதை என்னமோ தூக்கு மேடை மாதிரி எழுதியிருந்தாங்க. சாதா நீலக் கலர் பிளாஸ்டிக் நாற்காலி அக்கா. முதுகுல தெர்மோகோல்ல மேகம் வெட்டி ஒட்டியிருந்தேன். புள்ளைங்க எதுனாலும் முழு வாக்கியமாச் சொல்லணும். அரைகுறையாச் சொன்னா அதுல போய் உக்காரணும். மனசுக்குள்ள வாக்கியத்தைக் கட்டணும். கட்டி முடிச்சதும் கை தூக்கணும். நான் தலையாட்டினா எந்திரிச்சுச் சொல்லலாம். அடி கிடையாது, திட்டு கிடையாது. முட்டி போடறது கிடையாது. இதுல எங்க இருக்கு கொடுமை?

முதல் நாள் ஒரு பையன் “மிஸ் பாத்ரூம், மிஸ் பாத்ரூம்”னான். உக்கார வெச்சேன். நெளிஞ்சு நெளிஞ்சு, கடைசியில “மே ஐ கோ டு தி பாத்ரூம் ப்ளீஸ்”னு சொல்லிட்டுத்தான் ஓடினான். கொஞ்சம் டவுசரை நனைச்சுட்டான்தான். ஆனா அதுக்கப்புறம் அந்த வாக்கியத்தை அவன் மறந்திருப்பானா? பெனிட்டா அதை நடிச்சுக் காட்டுவா. பின்னாடி உக்காந்துக்கிட்டு என் குரல்லயே, “ஃபுல் சென்டென்ஸ் ப்ளீஸ், ஃபுல் சென்டென்ஸ் ப்ளீஸ்”ம்பா. மூக்குக் கண்ணாடியை ஒத்தை விரல்ல நான் ஏத்தி விடுவேனே, அதையும் செய்வா. எல்லாம் சிரிக்கும். நானும் கண்டுக்க மாட்டேன். இங்கிலீஷ்லதானே கேலி பண்ணறான்னு விட்டுடுவேன். அவ அப்பா எஸ்டேட்ல மருந்து அடிக்கறவர். பொண்ணு அவ்வளவு துடி.

எனக்கு ஏன் இதுல இவ்வளவு பிடிவாதம்னு கேப்பீங்க. நான் காரமடையில பன்னெண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். கோயம்புத்தூர்ல காலேஜ் சேர்ந்தேன். முதல் வருஷம், ஒரு நாள், கிளாஸ் நடக்கும்போது எனக்கு நாள் வந்துடுச்சு. வெளிய போகணும். மேடம் தமிழ்ல கேட்டா, “வாட்? ஐ கான்ட் ஹியர் யூ”ன்னு காதைக் காட்டுவாங்க, எல்லாரும் சிரிப்பாங்க. இங்கிலீஷ்ல எப்படிக் கேக்கறதுன்னு கட்டறேன், கட்டறேன், வரமாட்டேங்குது. அப்படியே உக்காந்திருந்தேன். பெல் அடிச்சு எல்லாரும் போனப்புறம்தான் எந்திரிச்சேன். சுடிதார், பெஞ்சு, எல்லாம். புஸ்தகத்தைப் பின்னாடி வெச்சு மறைச்சுக்கிட்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்தேன். அன்னைக்கு ராத்திரியே டிக்‌ஷனரியை எடுத்தவதான். இன்னைக்கு இங்கிலீஷ் டீச்சர். நானும் வாயை மூடிக்கிட்டு உக்காந்திருந்தவதான் அக்கா. நான் என்ன செத்தா போயிட்டேன்?

…இல்லை, தண்ணி வேண்டாம். எங்கிட்ட இருக்கு.

சிவகங்கான்னு ஒரு பொண்ணு. நாங்க கங்கான்னு கூப்பிடுவோம். பெனிட்டா, மோனிஷா குரூப்தான், அஞ்சாவது கிளாஸ். ரொம்ப அமைதி. அம்மா பாக்கியம் திருப்பூர்ல பனியன் செக்கிங். அப்பா இல்லை. கேம்ப்லயே நான் சொன்னதை அப்படியே கேக்கற புள்ளைன்னா அவதான். ஆனா அவளாலதான் அந்த குரூப்புக்குப் பஞ்சு போச்சு. பகல்ல ஒரு வார்த்தை பேச மாட்டா. தூக்கத்துல “அம்மா, அம்மா”ன்னு புலம்பறான்னு ஹாஸ்டல் லில்லி ஆயா வந்து சொன்னாங்க.

“தூக்கத்துல பேசறதையுமா ஆயா கணக்குல எடுக்கறது?”ன்னேன்.

“நீங்கதானே மிஸ் எங்கயும் கூடாதுன்னீங்க. மத்த குரூப் புள்ளைங்க எங்கிட்ட சண்டைக்கு வருதுங்க. தூக்கத்துல பேசினாலும் தமிழ் தமிழ்தானே?”ன்னாங்க.

நியாயம்னா எல்லாருக்கும் ஒண்ணுதானே? கொஞ்சமாத்தான் பிச்சேன். பேருக்கு. அன்னைக்கு பெனிட்டா அவளை முறைச்ச முறைப்பு இருக்கே. அடுத்த நாள்ல இருந்து கங்கா கைக்குட்டையை வாயில வெச்சுக்கிட்டுத்தான் தூங்கினாளாம். லில்லி ஆயா போலீஸ்ல அதையும் சொல்லியிருக்காங்க. நானா வெக்கச் சொன்னேன்?

அப்பவும் அவங்க குரூப் மனுசன்தான் குண்டா இருந்தான். மயிரிழை வித்தியாசம்.

கேம்ப் முடியப் போற நேரம். சாரோட மச்சினர் வீடியோ எடுக்க கோயம்புத்தூர்ல இருந்து கார்ல வந்தார், அட்மிஷன் விளம்பரத்துக்கு. நாடகத்தை எடுக்கணும்னு சொன்னார். அன்னைக்கு அப்படிக் குளிர். பல்லு கிட்டிக்குது. ஆனா மெரூன் ஸ்வெட்டர் கேமராவுல டல்லடிக்குதுன்னு சொல்லி, புள்ளைங்க எல்லாம் வெள்ளைச் சட்டை, தலையில சிவப்புக் குல்லா. முதல்ல இன்னொரு குரூப். அதுக்கப்புறம் பெனிட்டா குரூப். அதுவரைக்கும் போய் ரிகர்சல் பாருங்கன்னு அனுப்பினேன்.

போகும்போது பெனிட்டா கேட்டா, “மிஸ், ஹவ் டு ஆக்ட் வார்ம்? ஐ ஆம் கோல்ட்.”

முழு வாக்கியம். எனக்குச் சந்தோஷம். “இமேஜின் பண்ணு பெனிட்டா. நிஜமா நெருப்பு முன்னாடி உக்காந்த மாதிரி உணர்ந்து பண்ணு. முகத்துல அந்தச் சூடு தெரியணும்”னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். நிஜமா நெருப்பு வெச்சுக்கோன்னா சொன்னேன்?

வாட்ச்மேன் போஜண்ணன் காலையில கேட் பக்கத்துல தகரச் சட்டியில கரி போட்டுக் குளிர் காய்வார். கார் வந்ததும் கேட்டைத் திறக்கப் போயிருக்கார். இதுங்க சாக்கைச் சுத்தி அந்தச் சட்டியைத் தூக்கிட்டு ஸ்போர்ட்ஸ் ரூமுக்குப் போயிடுச்சுங்க. சின்ன ரூம், ஜன்னலே கிடையாது. மத்த குரூப் பாத்துடக் கூடாது, குளிரும் வரக்கூடாதுன்னு கதவைச் சாத்தி, கீழ இடுக்குல அந்தச் சாக்கையே திணிச்சிருக்காங்க. கரிப்புகை கண்ணுக்குத் தெரியாது, வாசனையும் வராது, அப்படியே தூங்க வெச்சுடும்னு எஸ்டேட் புள்ளைங்களுக்குத் தெரியாதா? எங்க ஊர்ல குளிரே கிடையாது. எனக்கே அப்புறம் டாக்டர் சொல்லித்தான் தெரியும்.

கங்காவை நடுவுல போர்வை வாங்கிட்டு வர லில்லி ஆயாகிட்ட அனுப்பியிருக்கா பெனிட்டா. நாடகத்துல போத்திக்க. ஆயா துணி காயப்போட்டுக்கிட்டிருந்தவங்க, முடிச்சுட்டுத்தான் எடுத்துக் குடுத்தாங்களாம். இவ திரும்பி வந்து கதவைத் தள்ளித் திறந்து பாத்தா ரெண்டு பேரும் படுத்திருக்காங்க. தட்டியிருக்கா, உலுக்கியிருக்கா. எந்திரிக்கலை. இவ வெளிய ஓடி வந்தா கதவு தானாச் சாத்திக்கிச்சு. அதுல ஸ்பிரிங் உண்டு.

நேரா எங்கிட்ட வந்தா.

இங்க கிளாஸ்ல அட்டைக் கணப்புல பல்பு எரியுது. நாலு புள்ளைங்க அதைச் சுத்தி உக்காந்து கையை நீட்டிக்கிட்டிருக்கு. கேமரா ஓடுது. கங்கா வாசல்ல வந்து நின்னு, “மிஸ்”னா.

“யெஸ் கங்கா?”

“மிஸ்… கம்.”

“கம் வேர்? ஃபுல் சென்டென்ஸ் ப்ளீஸ்.”

“மிஸ், மோனிஷா… பெனிட்டா…” வாய் திறக்குது, மூடுது. கையில போர்வை.

மச்சினர் கேமராவுல இருந்து கண்ணை எடுக்காம, “மேடம், அந்தப் பாப்பா ஃபிரேம்ல வருது”ன்னார்.

ரெண்டும் சண்டை போட்டுக்கிச்சு, கோள் சொல்ல வந்திருக்கான்னு நெனைச்சேன். அப்படித்தான் அக்கா யாருக்கும் தோணும். நாற்காலியைக் காட்டினேன். போய் உக்காந்தா. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. நுனியில உக்காந்து, போர்வையை மடியில வெச்சு, உதட்டை அசைச்சுக்கிட்டே இருந்தா. வாக்கியம் கட்டறா. பாக்க அவ்வளவு அழகா இருந்தது. இத்தனை நாள் சொல்லிக் குடுத்தது வீண் போகலைன்னு இருந்தது.

அந்தப் பக்கம் ஒரு பையன், “இட் இஸ் வெரி கோல்ட் டுடே ஃபாதர்”னு சொல்லணும். மறந்துட்டான். மறுபடியும் முதல்ல இருந்து. கங்கா கை தூக்கினா. ஒரு நிமிஷம்னு உள்ளங்கையைக் காட்டினேன். கையை இறக்கிட்டா. அவன் மறுபடியும் மறந்தான். இவ மறுபடியும் தூக்கினா. கண்ணு ரெண்டும் நிறைஞ்சிருந்தது. அடுத்து அவங்க குரூப்தானே, ஸ்டேஜ் பயம்னு நெனைச்சேன். எனக்கும் அப்படி வரும். சிரிச்சுத் தைரியம் சொன்னேன். “ஃபர்ஸ்ட் மேக் தி சென்டென்ஸ் இன் யுவர் மைண்ட்”னேன்.

அவ சுவத்துல இருந்த பஞ்சு மனுசனைப் பாத்தா. அவங்க குரூப் மனுசனை. அப்புறம் வாயை இறுக்கி மூடிக்கிட்டா.

தமிழ்ல சொல்லியிருக்கலாமேன்னு எல்லாரும் கேக்கறாங்க. நானும் அதையேதான் கேக்கறேன். ஏன் சொல்லலை அவ? நான் என்ன அவ வாயையா பொத்தினேன்? போனாப் போகுது, ஒரு பிடி பஞ்சு. அது தெரியாதா அஞ்சாவது படிக்கற புள்ளைக்கு? போர்வை குடுத்த ஆயாகிட்டயாவது போய்ச் சொல்லியிருக்கலாம். போஜண்ணன்கிட்டச் சொல்லியிருக்கலாம். எங்கிட்டத்தான் வரணுமா? எல்லாத்துக்கும் எங்கிட்டத்தான் வரணும்னு நான் சொல்லியிருந்தேன்தான். அதுக்காக?

அந்தப் பையன் ஒருவழியா வரியைச் சரியாச் சொல்லி முடிச்சான். எல்லாரும் கை தட்டினோம். அப்பத்தான் லில்லி ஆயா போட்ட சத்தம் கேட்டுச்சு. துணிக் கொடிக்குக் கயிறு எடுக்க அந்த ரூமைத் திறந்திருக்காங்க. “ஐயோ, ஓடி வாங்களேன், புள்ளைங்க, புள்ளைங்க”ன்னு. கேம்ப் ஆரம்பிச்சதுல இருந்து அந்தக் கட்டடத்துல அவ்வளவு தமிழை நான் கேக்கவே இல்லை. மச்சினர், “ச்சே, ஆடியோ போச்சு”ன்னார்.

ஓடினோம். போஜண்ணன் ரெண்டு பேரையும் தூக்கிட்டு வந்து புல்லுல போட்டார். நான் கன்னத்தைத் தட்டினேன். பெனிட்டா முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு அக்கா. குல்லா கூடக் கழலலை. நிஜமாவே சூட்டுல உக்காந்து எந்திரிச்ச மாதிரி. அதனால ஒண்ணும் இல்லைன்னுதான் நான் நெனைச்சேன். சாரோட மச்சினர் கார்லதான் ஏத்தினாங்க. எனக்கு இடமில்லை.

நான் கிளாசுக்குத் திரும்பி வந்தேன். புள்ளைங்க எல்லாம் வெளிய ஓடியிருந்துச்சுங்க. அட்டைக் கணப்புல பல்பு எரிஞ்சுக்கிட்டே இருந்தது. கங்கா மட்டும் அந்த நாற்காலியிலேயே உக்காந்திருந்தா. உதடு இன்னும் அசைஞ்சுக்கிட்டிருந்தது.

பெனிட்டா ஆஸ்பத்திரி போறதுக்குள்ளயே. மோனிஷா கோயம்புத்தூர்ல ரொம்ப நாள் இருந்து வீட்டுக்கு வந்துட்டா. பேர் கேட்டாச் சொல்றாளாம். நேத்து என்ன சாப்பிட்டேன்னு கேட்டாத் தெரியலையாம். இன்னும் கொஞ்சம் முன்னாடி கதவைத் திறந்திருந்தா ரெண்டு பேருமே பிழைச்சிருப்பாங்கன்னு டாக்டர் சொன்னாராம். டாக்டருங்க எப்பவும் அப்படி ஏதாவது சொல்வாங்க.

மத்த புள்ளைங்களை அன்னைக்கே பெத்தவங்க வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்க. கடைசியில எல்லா குரூப்பும் முன்னாடியே வீட்டுக்குப் போச்சு.

கேஸ் ஆயா மேலயும் போஜண்ணன் மேலயும்தான். என்னை சாட்சியாத்தான் கூப்பிட்டாங்க. ஆனா சார் என்ன பண்ணினார் தெரியுமா? “அந்தப் புள்ளையை உக்கார வெச்சது நீங்கதானே மிஸ்? யார் உக்கார வெக்கச் சொன்னது?”ன்னு எல்லார் முன்னாடியும் கேட்டார். அந்த நாற்காலியில கையை வெச்சு நின்னு போட்டோ எடுத்து ஸ்கூல் நோட்டீஸ்ல போட்டவர் அவர்! ரெண்டு வருஷ சர்வீஸுக்கு ஒரு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் கேட்டா, “இப்ப வேண்டாம் மிஸ், கேஸ் முடியட்டும்”ங்கறார். அது இல்லாம யார் எனக்கு வேலை குடுப்பாங்க? அவ்வளவு ஆர்வமாச் சொல்லிக் குடுத்த ஒருத்திக்கு இதுதான் மரியாதை. இன்னைக்குப் போற இடத்துல என்ன சொல்றதுன்னு ராத்திரியெல்லாம் வாக்கியம் கட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்.

கங்காவா? அவ அன்னைக்குல இருந்து பேசறதில்லையாம். அம்மாகிட்டக்கூட. அவளை விசாரிக்க, காக்கி போடாம, சேலையில ஒரு போலீஸம்மா வந்திருந்தாங்க. என்னையும் வரச் சொன்னாங்க. ஸ்கூல் ஆபீஸ்லயே வெச்சுத்தான். கங்காவை அவ அம்மா பாக்கியம் பக்கத்துல உக்கார வெச்சிருந்தாங்க. போலீஸம்மா நல்லாத்தான் கேட்டாங்க. சாக்லேட் குடுத்தாங்க. “பயப்படாத சாமி. என்ன பாத்தியோ அதை அத்தைகிட்டச் சொல்லு”ன்னாங்க. அவ வாயைத் திறக்கலை. “தமிழ்லயே சொல்லு கண்ணு”ன்னாங்க. திறக்கலை. பாக்கியம் அழுதுக்கிட்டே, “சொல்லித் தொலையேண்டி. எங்கிட்டத்தான் பேசலை, கேக்கறவங்ககிட்டயாவது சொல்லு”ன்னு முதுகுல ஒண்ணு வெச்சா. ம்ஹூம்.

நான் ஓரமா நின்னுக்கிட்டிருந்தேன். அவ தலையை மெதுவாத் திருப்பி என்னைப் பாத்தா. அப்புறம் கை தூக்கினா.

போலீஸம்மாவுக்குப் புரியலை. “எதுக்கும்மா கையைத் தூக்கறே? பாத்ரூம் போகணுமா?”

எனக்குப் புரிஞ்சது. அந்த ரூம்ல எனக்கு மட்டும்தான் புரிஞ்சது. நான் தலையாட்டினேன்.

அவ எந்திரிச்சா. கையைக் கட்டிக்கிட்டா. என்னைப் பாத்து, நிறுத்தி, நிதானமா, “மிஸ், மை ஃபிரெண்ட்ஸ் ஆர் ஸ்லீப்பிங். தே ஆர் நாட் கெட்டிங் அப். ப்ளீஸ் கம் வித் மீ, மிஸ்”னா.

சொல்லிட்டு உக்காந்துட்டா.

போலீஸம்மா எழுதறதை நிறுத்திட்டாங்க. பாக்கியம்தான் ஒவ்வொருத்தர் முகமாப் பாத்துப் பாத்து, “என்ன சொன்னா? என் புள்ள என்னங்க சொன்னா?”ன்னு கேட்டுக்கிட்டே இருந்தா. நான் சொல்லலாம்னு வாயெடுத்தேன். போலீஸம்மா கையைக் காட்டி என்னை நிறுத்திட்டாங்க. ஏன்னு தெரியலை. “நீங்க வெளிய போங்க”ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கப்புறம் என்னைக் கூப்பிடவே இல்லை.

ஆனா ஒண்ணு அக்கா. யார் என்ன சொன்னாலும் எனக்கு மனசுல ஒரு நிறைவு இருக்கு. கேம்ப் ஆரம்பிச்சப்ப ரெண்டு வார்த்தை சேத்துச் சொல்லத் தெரியாத பொண்ணு. அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி சொன்னாளே, அதுல ஒரு தப்பு இல்லை. முழு வாக்கியம். இன்னைக்கு டெமோவுல அவளைப் பத்திச் சொல்லலாமான்னு கூட யோசிக்கறேன். பேர் சொல்லாம.

அட, பாப்பா தூங்கிட்டா போல இருக்கே. மலை இறங்கும்போது தூங்கிட்டா நல்லதுதான், வாந்தி வராது. எவ்வளவு அசந்து தூங்கறா பாருங்க… ஏன் அக்கா எழுப்பறீங்க? அப்படி உலுக்காதீங்க, பயந்துக்கப் போறா. மேட்டுப்பாளையம் வர இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு. ஏன் அக்கா? ஏன் இப்படிப் போட்டு எழுப்பறீங்க?